சலங்கை கட்டிய கார்

போன தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டிப் போகும் சாலையில்தான் எங்கள் ஊர். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சமையல், மாடு, கோயில், குடும்பம் என்று இருப்பவள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் நன்றாகக் கார் ஓட்டுவேன்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், மாமனார் வாங்கிய டீசல் கார் கொட்டகையில் சும்மா நின்றது. ஆத்திர அவசரத்துக்கு ஆகட்டுமே என்று ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவசரம் போய் ஆசை வந்துவிட்டது. பாலம் ஏறுவதற்கு முன்னால் கியரைக் குறைத்து, எஞ்சின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டு, கிளட்சைப் பதமாக விடும் அந்த நொடி இருக்கிறதே, அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். கணவர் ஊரோடு வந்து விவசாயம் பார்க்க ஆரம்பித்த பிறகும் ஓட்டுவது நான்தான். அவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்பதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்தேன், சுவாமிமலைக்கு வேண்டிக்கொண்டேன், கடைசியில் தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினேன். தேய்மானம் என்றார். "கிளட்ச் மிதிக்கிற வண்டியை விட்டுடுங்கம்மா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு யாரோ என் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

தஞ்சாவூரில் என் தம்பி இருக்கிறான். அவன் வீட்டில் ஒரு சின்ன மின்சார கார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பெரிய கார் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் கால் விஷயம் கேள்விப்பட்டதும் அந்தக் காரை எங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

"இதுல கிளட்சும் இல்ல, கியரும் இல்ல. ஒரு வாரம் வச்சு ஓட்டுங்கக்கா. புடிச்சா எடுத்துக்குங்க. இல்லன்னா வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்கான்."

"இதுக்குப் பேரு காராடா? எங்க வீட்டு கிரைண்டர் இதவிட சத்தம் போடும்" என்றேன்.

"கிரைண்டர்ல நீங்க கோயிலுக்குப் போக முடியாதுல்ல" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டான்.

கணவர் உடனே, "வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல பூ கேட்டுடுவோம்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று மனம் குழம்பினால், வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம். நானும் அதை நம்புகிறவள்தான். என் மகளின் கல்யாணத்துக்கே அப்படித்தான் கேட்டோம். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

"அம்மனுக்கு ஆயிரம் வேலைங்க. காரு எப்படி இருக்குன்னு அவளா வந்து ஓட்டிப் பாப்பா? மொதல்ல நான் ஓட்டிப் பாத்துடுறேன்" என்றேன்.

ஓட்டினேன். முதலில் வெறுப்பாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பியதா இல்லையா என்றே தெரியவில்லை. கை தானாகக் கியரைத் தேடியது. அங்கே தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. கணவருக்கு வேறு கவலை. பேட்டரி எத்தனை சதவீதம் என்று காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். ஆனால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றைத் தாண்ட வேண்டி வந்தபோது லேசாக மிதித்தேன். வண்டி அப்படியே பாய்ந்தது. என் பழைய காரில் அதற்குக் கியரைக் குறைத்து, புகை விட்டு, கொஞ்சம் கெஞ்ச வேண்டும். இவர் "முருகா" என்று சொல்லி முடிப்பதற்குள் டிராக்டர் பின்னால் போயிருந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டுதல். காலையிலேயே குளித்து, அரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி வைத்துத் தட்டில் எடுத்துக்கொண்டேன். கோயிலில் போய் நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்ற வேண்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அறுவடை நேரத்தில் எங்கள் ஊர்ச் சாலைகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டிக் காயவைப்பார்கள். ஓரத்தில் அடையாளத்துக்குக் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெல்லுக்குள் காலை விட்டு இழுத்து இழுத்து நடந்து கிளறிக் கொடுப்பார்கள். வண்டிகள் மீதிப் பாதியில் போக வேண்டும்.

இந்த மாதிரி இடங்களில் நான் ஹாரன் அடித்ததே இல்லை. அது எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு பழக்கம். வெயிலில் கிடந்து பாடுபடுகிற நம் சனங்களைப் போய் 'தள்ளு, தள்ளு' என்று ஹாரன் அடிப்பது மரியாதையா? மெதுவாகப் போனால் அவர்களே நகர்ந்துகொள்வார்கள். இத்தனை வருஷமும் அப்படித்தான் நகர்ந்தார்கள். அன்றைக்கும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

சாலையின் இடது பாதியில் நெல். ஒரு அம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தார். நான் வலது பாதியில் போனேன். பக்கத்தில் நெருங்கும் சமயம், பாதம் முழுக்க ஒட்டியிருந்த நெல்லை உதறுவதற்காக, அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே கற்களைத் தாண்டி வலது பக்கமாக இரண்டடி எடுத்து வைத்தார். நேராக என் வண்டியின் முன்னால்.

வலது கால் பிரேக்குக்குப் போனது. கூடவே, இத்தனை வருஷப் பழக்கத்தில், இடது காலும் கிளட்சை நினைத்துப் பாய்ந்து மிதித்தது. அங்கே ஏது கிளட்ச்? அதுவும் பிரேக்கில்தான் விழுந்தது. வண்டி மூக்கைக் குத்தியது. நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். அந்த அம்மாளுக்கு இடது பக்கமாக நுழைந்து, கற்களைத் தட்டிவிட்டு, நெல்லின்மேல் ஏறியது வண்டி.

காய்ந்த நெல்லின்மேல் டயர் ஏறினால் கோலிக்குண்டின்மேல் ஏறியது போலத்தான். பிரேக் பிடிக்கப் பிடிக்க வழுக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எதிரே வாய்க்கால் மதகின் சுவர். அந்த நொடியில் யார் எனக்குச் சொன்னார்களோ, அம்மன்தான் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு காலையும் தூக்கிவிட்டேன். ஸ்டீயரிங்கை மட்டும் நேராகப் பிடித்தேன். காலை எடுத்தவுடன் இந்த வண்டிக்குத் தானாகவே வேகம் குறையும் குணம் உண்டு. டயர் பிடிமானத்துக்கு வந்தது. மதகுச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய காரியம் நடந்தும் ஒரு சத்தம் இல்லை. கணவரின் மடியில், வேட்டியில், கீழே, எங்கே பார்த்தாலும் மாவிளக்கு.

இறங்கி ஓடினேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்த அதிர்ச்சியில் சாலையிலேயே அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும்தான் அவருக்குக் குரல் வந்தது.

"ஏம்மா, பேயாட்டம் சத்தமில்லாம வர்றியே! எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?"

"தெரியாம நடந்துபோச்சும்மா. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"மாடு வந்தாக்கூட மணிச் சத்தம் கேக்கும். ஒன் வண்டிக்கு ஒரு சலங்கையாவது கட்டிக்கிட்டு வாயேன்!" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, அழாத. உசுரோடதான இருக்கேன். நெல்லத்தான் சாமி, இப்படி வாரி எறைச்சுட்ட" என்றார்.

கணவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வேட்டியில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டே, "அம்மன் சொல்லிட்டாம்மா. பூவெல்லாம் கேக்க வேணாம். கோயிலுக்குப் போற மாவிளக்கே கொட்டிப்போச்சு. இதவிட வேற என்ன சகுனம் வேணும்? வண்டியத் திருப்பிக் குடுத்துடுவோம். நீயும் ஓட்டுனது போதும்" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அதனால்தான் எனக்கு அது ஆழமாக இறங்கியது. நானும் சகுனம் பார்க்கிறவள். பூனை குறுக்கே போனால் ஒரு நிமிஷம் நின்று போகிறவள். அப்படியானால் இதோடு சரியா? கிளட்ச் இருக்கிற வண்டியைக் கால் விடாது. கிளட்ச் இல்லாத வண்டியை அம்மன் விட மாட்டாளா?

அந்த அம்மாளிடம் துடைப்பத்தை வாங்கி, டயர் இழுத்துப் போன நெல்லைக் கூட்ட ஆரம்பித்தேன். அந்த அம்மாள் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. "நீங்க போய் நெழல்ல உக்காந்து கஞ்சி குடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கெளறுறேன்" என்றேன். முழங்கால் விண் விண் என்று தெறித்தது. பரவாயில்லை என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லுக்குள் காலை விட்டு இழுத்து இழுத்து நடந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பின்னால் ஒரு மொபெட் வந்தது. நான் திரும்பவில்லை. ஆனாலும் அது எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு டவுன் பஸ். வளைவில் கியர் மாற்றும்போதே என் கால் தானாகக் கற்களுக்கு உள்பக்கம் போய்விட்டது. நான் ஹாரன் அடிக்காமல் போனபோதெல்லாம் இந்தச் சனங்கள் எனக்கு வழிவிட்டது என் மரியாதைக்காக இல்லை. என் வண்டியின் சத்தத்தை அவர்கள் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தந்த அந்த எஞ்சின் சத்தம்தான் அவர்களைக் காப்பாற்றியும் வந்திருக்கிறது. அது எனக்கு மட்டும் சொந்தமானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் கஞ்சி குடித்துவிட்டு வந்தபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து கணவரிடம் சொன்னேன்: "கொட்டுனது மாவுங்க. மாவ மறுபடி பெசஞ்சுக்கலாம். அந்த அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்ல. காப்பாத்துனவ என்னைய வேணாம்னா சொல்லுவா? ஒழுங்கா ஓட்டக் கத்துக்கன்னு சொல்றா. அடுத்த வெள்ளிக்கிழம இதே ரோட்டுல, இதே வண்டியில, மாவிளக்கு கொண்டுபோறேன். அதுக்குள்ள ஒரு தடவ என் எடது காலு பிரேக்குல போனாலும் தம்பிகிட்ட சாவியக் குடுத்துடுறேன். அப்பறம் எந்த வண்டியையும் தொட மாட்டேன்."

அவர் பேட்டரி எண்ணைப் பார்த்தார். "சதவீதம் நல்லாத்தான் இருக்கு, வூட்டுக்குப் போ" என்றார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அது.

அன்று சாயங்காலமே ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தேன். மறுநாளிலிருந்து காலையில், நெல் காயப்போடுவதற்கு முன்னால், ஊர் சிமெண்டுக் களத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பழகினேன். இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைக் கீழே ஓரமாக ஊன்றி வைத்துக்கொண்டேன். காலி சாக்கை எங்கேயாவது போடச் சொல்லி, அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். முதல் நாள் இடது கால் அடங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து எழுந்து வந்தது. ஆனால் பிரேக்கைத் தொடும் முன் பிடித்துக்கொண்டேன். "கட்டிப் போட்டாத்தான் அடங்கும் போல" என்று கணவர் சிரித்தார். சாக்கை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததும் அவர்தான். இரண்டொரு நாளில் கால் அமைதியாகிவிட்டது.

அப்படிப் பழகப் பழகத்தான் அந்த வண்டியின் ருசியும் தெரிந்தது. கிளட்சை விடும் பதம் போனாலும் வேறு ஒரு பதம் இதில் இருந்தது. மதகு மேடு எங்கே, வளைவு எங்கே என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, சரியான இடத்தில் காலை எடுத்தால், பிரேக்கைத் தொடாமலே வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். கொஞ்சம் முன்னால் எடுத்தால் வழியிலேயே நின்றுவிடும். பின்னால் எடுத்தால் பிரேக் கேட்கும். அது கைகூடியபோது, பாலம் ஏறும்போது கியர் மாற்றின பழைய சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது. முழங்கால் வலியும் இல்லை.

சத்தத்துக்கு என்ன செய்வது? ஹாரன் அடித்துப் பார்த்தேன். நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒருவர் துள்ளிக் குதித்து, கூடையைக் கீழே போட்டு, "எங்க வந்து ஹாரன் அடிக்கிற?" என்று பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் வந்து திடீரென்று ஹாரன் அடித்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அப்போதுதான் அந்த அம்மாள் திட்டினது ஞாபகம் வந்தது.

வலங்கைமான் கடைத்தெருவில் மூக்கணாங்கயிறு, மாட்டு மணி விற்கும் கடைக்குப் போனேன். மாட்டுப் பொங்கலுக்கு வந்ததில் மிச்சம் ஒரு சலங்கைப் பட்டை தொங்கியது.

"என்ன மாடும்மா? காளையா, பசுவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"காருங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கழுத்து அளவு எவ்வளவு?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்பர் பலகைக்குக் கீழே, தரையில் இழுபடாதபடி கட்டினேன். எங்கள் ஊர்ச் சாலை இருக்கிற லட்சணத்துக்கு அது ஓயாமல் ஆடும் என்று எனக்குத் தெரியும். ஆடியது. ஜல் ஜல் என்று மெதுவாக, தொலைவிலிருந்தே கேட்டது. போனில் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, நான் குடுத்தது காரு. நீங்க அத ரேக்ளா வண்டியா ஆக்கிட்டீங்களே!"

அடுத்த வெள்ளிக்கிழமை. மறுபடி மாவு இடித்தேன், பிசைந்தேன், தட்டில் வைத்தேன். கணவர் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை கைப்பிடியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. இரண்டு கையும் தட்டில் இருந்தது.

அதே இடம். அதே பாதியில் நெல். அதே அம்மாள், அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தார். இடது பாதத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டேன். நான் காலைத் தளர்த்த வேண்டிய இடம் ஒரு கருவேல மரம் என்று மனசில் குறித்து வைத்திருந்தேன். அங்கே தளர்த்தினேன். வண்டி வேகம் குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்தது. சலங்கை மட்டும் ஜல் ஜல் என்றது.

அந்த அம்மாள் திரும்பவில்லை. கிளறுவதை நிறுத்தவும் இல்லை. இழுத்த காலை அப்படியே வளைத்து, கற்களுக்கு உள்பக்கமாகப் போய், நடையை மாற்றாமல் நடந்தார். நான் தாண்டிப் போகும்போதுதான் தலையைத் தூக்கி, பக்கத்து நெல்லில் இருந்தவரிடம் கத்தினார்: "அடியே, சலங்கைக்காரி போறாடி, பாரு!"

கணவர் தட்டைப் பார்த்தார். மாவிளக்கு வைத்தது வைத்தபடி இருந்தது. குழிகூடக் கலையவில்லை.

கோயிலில் மாவிளக்கு ஏற்றினோம். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால், கணவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு சின்னப் பொட்டலங்களை எடுத்து நீட்டினார். எனக்குத் தெரியாமல் வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருக்கிறார். "எதுக்கும் கேட்டுடுவமே" என்றார் மெதுவாக.

நான் இரண்டையும் வாங்கினேன். இரண்டையும் பிரித்தேன். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் பூசாரியிடம் கொடுத்து, அம்மன் காலடியில் சாத்தச் சொல்லிவிட்டேன். கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தம்பியிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த வண்டி எல்லாவற்றுக்கும் ஆகுமா என்று கேட்டால், ஆகாது. பேட்டரியை நம்பிப் பழனி வரைக்கும் போக மனசு வராது, பஸ்ஸில்தான் போகிறோம். தஞ்சாவூருக்கும் சுவாமிமலைக்கும் அதிராம்பட்டினத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கும் இது தாராளம். ஓட்டுவதில் ஆசை உள்ளவளுக்கு இது ஏற்றதா என்று கேட்டால், என்னைக் கேளுங்கள், ஏற்றதுதான். ஆனால் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள மனசு வேண்டும். இன்றைக்கும் ஒவ்வொரு முறை சாவியைப் போடும்போதும் இடது பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று உழைக்கும் அத்தனை பேரையும் ஒரு தரம் நினைத்துக்கொள்கிறேன். என்னைப் பார்க்காமலே என்னை நம்பி நிற்கிறவர்கள் அவர்கள் என்பது, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, எனக்கு ஒரு பிரார்த்தனை மாதிரி ஆகிவிட்டது.